யார் கொடுத்த பள்ளிக்கூடம்? குமரிக் கடற்கரையும் கத்தோலிக்கத் துவக்கப் பள்ளியும்

1

‘பிள்ளைக்கு ஒழுக்கம் வேணும்னா ஆர்.சி. பள்ளிக்கூடத்துல கொண்டு சேரு’ என்பது கன்னியாகுமரி மாவட்டத்தில் சாதி, மத வித்தியாசமில்லாமல் புழங்குகிற பேச்சு. நாகர்கோவிலின் வேளாளத் தெருக்களில் சொல்வார்கள். கல்குளம், விளவங்கோடு ரப்பர்க்காடுகளுக்கு நடுவிலும் சொல்வார்கள். கடற்கரையில் மட்டும் இதைச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. அங்கே பல ஊர்களில் நெடுங்காலம் வேறு பள்ளிக்கூடமே கிடையாது. கோவில், கோவில் மேடை, மேடையை ஒட்டி ஓட்டுக் கட்டடம். அந்தக் கட்டடம்தான் பள்ளிக்கூடம்.

இந்தப் பள்ளியைப் பற்றி நம்மிடம் இரண்டு கதையாடல்கள் இருக்கின்றன. ஒன்று, திருச்சபை தன் விழா மலர்களில் திரும்பத் திரும்ப எழுதுவது: எழுத்தறிவில்லாத மக்களுக்கு மிஷனரிகள் கல்வியைக் கொடையாகத் தந்தார்கள். மற்றது இந்துத்துவம் சொல்வது: மதம் மாற்றுவதற்காகக் கல்வி என்ற இரையைத் தூண்டிலில் மாட்டினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. இரண்டிலும் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். கடற்கரை மக்கள் இரண்டிலுமே கையேந்தி நிற்கிறார்கள்.

இந்தக் கொடுக்கல் வாங்கலின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ‘கத்தோலிக்கப் பள்ளியின் விழுமியங்கள்’ என்று சொல்லப்படுகிறவற்றில் மணிக்கு மரியாதை, கேட்ட கேள்விக்கு ஒப்பித்த பதில், கீழ்ப்படிதல், எல்லாவற்றுக்கும் மேலாக நன்றி ஆகியவை அடக்கம். இவை எந்தப் பணத்தில், யாருடைய பெயரில் கற்பிக்கப்பட்டன என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

2

1542 மே மாதம் கோவாவில் இறங்கிய பிரான்சிஸ் சவேரியார் அந்த ஆண்டுக் கடைசியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே பரவர்கள், போர்ச்சுக்கீசியர் தந்த பாதுகாப்புக்கு ஈடாக, கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். கோட்டாறு தொடங்கி மேற்கே உள்ள திருவிதாங்கூர்க் கரைக்கு அவர் வந்தது 1544 இறுதியில். அங்கே முக்குவர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே மாதத்தில் ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரி 27ஆம் தேதிக் கடிதத்தில் எழுதுகிறார். இன்றும் டிசம்பர் 3 அவருடைய திருநாளுக்கு மாவட்டம் முழுக்க உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம்.

பள்ளிக்கூட வரலாற்றுக்கு முக்கியமானது அதற்கு ஒரு வருடம் முந்தைய, 1544 ஜனவரி 15ஆம் தேதிக் கடிதம். அதில் தன் போதனா முறையை விவரிக்கிறார். இரு மொழியும் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு மந்திரங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு ஊரைச் சுற்றி வந்து பிள்ளைகளைக் கூட்டியிருக்கிறார். தினமும் இரண்டு வேளை வகுப்பு. ஒப்பித்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் ஒப்பிக்க வேண்டும். நோயாளி வீட்டுக்குச் செபம் சொல்லப் பிள்ளைகளே போவார்கள். எங்காவது பழைய தெய்வத்துக்குப் பூசை நடக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் ஓடிவந்து சொல்வார்கள். அவர்களையே கூட்டிக்கொண்டு போய் அந்த உருவங்களை உடைக்க வைத்ததையும் அவர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார்.

அல்துஸ்ஸர் 1970இல் எழுதிய கட்டுரையில், ஐரோப்பாவில் ஒரு காலத்தில் திருச்சபையும் குடும்பமும் இணைந்து செய்த கருத்தியல் வேலையைப் பின்னாளில் பள்ளியும் குடும்பமும் எடுத்துக்கொண்டன என்கிறார். நம் கரையில் ஒன்று போய் மற்றொன்று வரவில்லை. திருச்சபையும் பள்ளியும் ஒரே மணியின் கீழ்தான் தொடங்கின. குடும்பமும் கூட்டாளி அல்ல, திருத்தப்பட வேண்டிய இடம். பிள்ளை அந்த வீட்டுக்குள் அனுப்பப்பட்ட சின்ன உபதேசியார். தாயின் தெய்வத்தை உடைக்கப் பிள்ளையை அழைத்துப் போன இந்தக் கதையை விழா மலர்கள் சொல்வதில்லை. சொல்லத்தான் வேண்டும்.

சரி, இதற்குக் காசு? சவேரியார் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்ததால் ஒவ்வொரு ஊரிலும் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்க ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். பரவர்கள் முத்துக்குளிப்பிலிருந்து போர்ச்சுக்கீசியருக்குக் கட்டிவந்த திறையில் நாலாயிரம் பொன் பணம் போர்ச்சுக்கல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தத் தொகையைத்தான் சவேரியார் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்குக் கேட்டு வாங்கினார். மோட்சத்துக்கு ஏற இந்தப் பிள்ளைகளைவிட நல்ல காலணி அரசிக்குக் கிடைக்காது என்று அவர் வாதிட்டதாகவும் சொல்வார்கள்.

இந்தக் கதையை அரசியின் தாராளத்துக்குச் சான்றாகத்தான் வழக்கமாகச் சொல்வது. தலைகீழாக வாசித்துப் பாருங்கள். மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கினவன் பரவன். சிப்பி எடுத்தவன் அவன். திறை கட்டினவனும் அவன். அந்தப் பணம் லிஸ்பன் அரசியின் பெயரைத் தொட்டுவிட்டு அவன் பிள்ளைக்கே திரும்பி வந்தபோது தருமமாகிவிட்டது. அதற்கு அவன் நன்றி சொல்ல வேண்டியவனும் ஆகிவிட்டான். கரையின் பணம் இன்னொருவர் கைவழியாகக் கொடையாகித் திரும்பும் இந்தச் சுற்றை இந்த வரலாறு நெடுகிலும் பார்க்கப்போகிறோம்.

3

சவேரியாருக்குப் பிறகு இந்தக் கரையில் உழைத்த அண்டிறிக்கி பாதிரியார் என்கிற என்றீக்கே என்றீக்கஸ் தமிழை முறையாகக் கற்றவர். 1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கச் சிறு நூல். மறு ஆண்டு, 1579இல், கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் என்று முன்னதைக் கொண்டாடுகிறோம். அது ஒரு ஞானோபதேச நூல், அதாவது ஒப்பிப்பதற்கான பாடநூல் என்பதைப் பெரிதாக யோசிப்பதில்லை. தமிழ் அச்சின் முதல் வாசகர்கள் மீன்பிடிப்பவர்களும் முத்துக்குளிப்பவர்களும் என்பது, ஓலைச்சுவடி யார் வீட்டுப் பரணில் இருந்தது என்று தெரிந்தவர்களுக்குச் சாதாரண விஷயம் அல்ல. அச்சைத் தொட்ட முதல் தமிழ்ச் சாதிகளை இலக்கிய வரலாறு எழுத்தறிவில்லாத சாதிகள் என்றே எழுதிவந்தது.

ஆனால் அந்த நூலின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். ‘கிரிசித்தியானி வணக்கம்’ கேள்வியும் பதிலுமாக நடப்பது. ஆசான் கேட்பார், சீடன் சொல்வான். இந்த வடிவம் தேய்ந்து சுருங்கி, எங்கள் தாத்தா பாட்டிமார் காலத்தில் ‘சின்னக் குறிப்பிடம்’ என்ற பெயரில் கரையெங்கும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட அதைத் தலைகீழாகச் சொல்வாள். புதுநன்மை எடுக்கவும், கல்யாண ஓலை வாசிக்கவும் சாமியாரிடம் அதை ஒப்பித்தாக வேண்டும்.

கேள்வி பதில் என்றால் உரையாடல் என்று ஏமாந்துவிடக் கூடாது. இதில் கேள்வி எப்போதும் ஒரு பக்கம், பதில் எப்போதும் மறு பக்கம். பதில் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. பதில் சொல்கிறவர் கேள்வி கேட்கிற இடத்துக்கு நகர வழியே இல்லை. எழுத்தைக் கொடுத்த அதே கை கேள்வியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு (1962–65) குறிப்பிடம் போய் மறைக்கல்விப் புத்தகங்கள் வந்தன, படங்கள் வந்தன, செயல்முறைகள் வந்தன. யார் கேட்பது, யார் சொல்வது என்ற ஏற்பாடு அவ்வளவு லேசில் போய்விடவில்லை.

4

‘பள்ளி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சமண முனிவர் இருந்த இடம் பள்ளி. விளவங்கோட்டுச் சிதறால் மலையில் அதன் தடம் இன்றும் கிடக்கிறது. மலையாளத்தில் தேவாலயம் பள்ளி, மசூதியும் பள்ளி. இறைவனின் இடமும் எழுத்தின் இடமும் ஒரே பெயரைப் பங்கிட்டுக்கொண்ட நாடு இது.

தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூருக்கும், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சிக்கும் உட்பட்டிருந்தவை. 1817இல் ராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று சாசனம் வெளியிட்டார். அதைக் கேரளத்தார் பெருமையோடு சொல்வார்கள். அரசுப் பள்ளியின் படி ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குத் திறக்க அதற்குப் பின் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு ஆயிற்று என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. உள்நாட்டில் அந்த வெற்றிடத்தை நிரப்பியது 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபேயும் அவரைத் தொடர்ந்த லண்டன் மிஷனும். தோள்சீலைக் கலகம் 1859இல் அரசு அறிவிப்பில் முடிந்ததற்குப் பின்னால் அந்தப் பள்ளிகளில் படித்த பெண்களும் இருந்தார்கள். கத்தோலிக்கப் பள்ளிகள் அந்த வேகத்தில் வரவில்லை. கொல்லம் மறைமாவட்டத்தின் தெற்கு ஓரமாக இருந்த இப்பகுதி, கோட்டாறு மறைமாவட்டமாகத் தனியே பிரிந்தது 1930இல்தான். மேற்குப் பகுதி 2014இல் குழித்துறை மறைமாவட்டமானது.

பள்ளி யாருடையது என்ற கேள்வி அரசியல் கேள்வியாக வெடித்தது 1945இல். திவான் சி.பி. ராமசாமி அய்யர் துவக்கக் கல்வியை அரசுடைமையாக்க முனைந்தார். சங்ஙனாச்சேரி மேற்றிராணியார் ஜேம்ஸ் காளாசேரி அதை எதிர்த்துச் சுற்றுமடல் எழுதினார். மோதல் பெரிதாயிற்று. சி.பி.யின் எதேச்சாதிகாரத்தை எதிர்ப்பதும் திருச்சபையின் சொத்துரிமையைக் காப்பதும் அங்கே ஒன்றாகக் கலந்துபோயின. 1957இல் கேரளத்தில் முண்டசேரி கல்வி மசோதா கொண்டுவந்து, அதைத் தொடர்ந்து 1958–59இல் ‘விமோசன சமரம்’ நடந்தபோது குமரி மாவட்டம் எல்லைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. இது நமக்கு ஒரு வகையில் நட்டமே. மானியம் அரசுடையது, நியமனம் நிர்வாகத்துடையது என்றால் அந்த ஆசிரியர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? இந்த விவாதம் அங்கே நல்லதோ கெட்டதோ தெருவுக்கு வந்தது. இங்கே அது கோப்புகளுக்குள்ளேயே நடந்து முடிந்தது.

5

நான் படித்ததும் இப்படிப்பட்ட ஒரு கடற்கரைப் பள்ளியில்தான். ஊர்ப் பெயர் வேண்டாம். எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

காலையில் கோவில் மணி, பிறகு பள்ளி மணி. வரிசை. செபம். முதல் பீரியடு ஞானோபதேசம். திங்கட்கிழமை என்றால் வருகைப் பதிவுக்கு முன்னால் இன்னொரு பதிவு: ‘நேத்து பூசைக்கு வராதவன் எழும்பு.’ எழும்பினவனுக்குக் கையில் அடி. சாளைமீன் பாடு அடிக்கிற நாட்களில் பாதி வகுப்பு காலியாகக் கிடக்கும். பையன்கள் கரமடி இழுக்கப் போயிருப்பார்கள். இழுத்தால் ஒரு கை மீன் கிடைக்கும், அது அன்றைய குழம்பு. கடலுக்கு ஒரு கால அட்டவணை, பள்ளிக்கு ஒரு கால அட்டவணை. இரண்டும் மோதினால் அடி பையனுக்கு. பெற்றோரும் பள்ளியின் பக்கமே நின்றார்கள்: ‘கண்ண மட்டும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சிடுங்க சாரே.’

ஃபூக்கோ 1975இல் வெளியான தன் நூலில் சிறையையும் படைமுகாமையும் பள்ளியையும் சேர்த்துப் பேசும்போது எடுத்துக்கொள்ளும் முதன்மையான உதாரணங்களில் ஒன்று, லசால் என்ற பிரெஞ்சுக் குரு (1651–1719) ஏழைப் பிள்ளைகளுக்காக அமைத்த கத்தோலிக்கத் துவக்கப் பள்ளிகள்தாம். நிமிட நிமிடமாகப் பிரித்த நேரம், தரவரிசைப்படி இருக்கை, பேச்சில்லாமல் சைகையிலேயே இயங்கும் வகுப்பு. நவீன ‘ஒழுக்க’ உடலை உற்பத்தி செய்ததில் அந்தப் பள்ளிக்குப் பெரிய பங்கு உண்டு என்று அவர் காட்டுகிறார். நம் ஊரில் ‘ஆர்.சி. பள்ளிக்கூடத்து ஒழுக்கம்’ என்று எல்லாச் சாதியும் மெச்சுவது இதைத்தான். இதில் கிறிஸ்தவம் எவ்வளவு, படைமுகாம் எவ்வளவு என்று பிரித்தறிவது சிரமம்.

அதே நேரம், இதை வெறும் ஒடுக்குமுறை என்று சொல்லிவிட்டுப் போய்விடவும் முடியாது. அந்த அடியோடு சேர்த்துத்தான் எழுத்தும் வந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் இந்த மாவட்டத்துக்கு, 92 விழுக்காட்டை ஒட்டி. பெண்பிள்ளைகள் விஷயம் இன்னும் கவனிக்கத்தக்கது. கடல் பையனைச் சீக்கிரம் இழுத்துக்கொண்டது, பெண் பள்ளியில் தங்கினாள். கடியபட்டணத்தில் களஆய்வு செய்து கல்பனா ராம் 1991இல் வெளியிட்ட முக்குவப் பெண்கள் பற்றிய நூல், திருச்சபை பெண்ணுடலுக்கு விதித்த கட்டுப்பாடுகளையும் அதற்கு வெளியே பெண்கள் கண்ட சந்துபொந்துகளையும் சேர்த்தே பேசுகிறது. கன்னியர் மடத்து சிஸ்டர் அடக்கத்தைப் போதித்தார். ஆனால் அவரோ புருஷன் இல்லாமல், தாலி இல்லாமல், கையெழுத்துப் போட்டு, கணக்குப் பார்த்து, ஒரு பள்ளியையே நடத்திக்கொண்டிருந்த பெண். வாயால் சொன்ன பாடத்தைவிடக் கண்ணால் பார்த்த பாடத்தை எடுத்துக்கொண்ட பெண்பிள்ளைகள் எங்கள் ஊரில் உண்டு.

இனி நன்றி. தினமும் காலைச் செபத்தில் ‘உபகாரிகளுக்காக’ ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்வோம். யார் அந்த உபகாரிகள்? மதியம் கிடைத்த அமெரிக்கப் பால்பொடியையும் கோதுமை நொய்யையும் அனுப்பியவர்கள் என்று நினைத்துக்கொண்டோம். அந்தப் பால்பொடி அமெரிக்கா தன் விவசாய உபரியைத் தள்ளிவிட 1954இல் போட்ட பி.எல்.480 சட்டத்தின் வழியாக வந்தது என்பதும், காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவுக்கு 1961 முதல் ‘கேர்’ நிறுவனம் பொருள் தந்தது என்பதும் அப்போது யாருக்குத் தெரியும்? பால் சாமியார் தந்தது, அவ்வளவுதான்.

கட்டடம்? கடற்கரை ஊர்களில் மீன்பாட்டில் கோவிலுக்கு ஒரு பங்கு உண்டு. அதை வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுவதற்குக் குத்தகை என்று பெயர். அதற்கு மேல் தலைக்கட்டு வரி, திருநாள் வரி. கோவிலும் மேடையும் பள்ளியும் எழுந்ததில் இந்தப் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கல்லும் மண்ணும் சுமந்தது எங்கள் தாய்மார். வெளிநாட்டு உதவியும் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் கல்வெட்டில் பொறிக்கப்பட்டது யார் பெயர்? அர்ச்சித்த ஆயர், கட்டிய பங்குச்சாமியார், உதவிய உபகாரி. கட்டுமரத்துக்காரன் பெயர் அதில் இல்லை. என் அம்மை சாகும்வரை சொன்னாள்: ‘நாம குடுத்தது கோவிலுக்கு. பள்ளிக்கூடம் சாமியாரு நமக்குத் தந்தது.’ தான் கட்டிய கூரையின் கீழ் தன் பிள்ளை படித்ததற்கு அவள் நன்றியோடு இருந்தாள். இதைவிட வெற்றிகரமான விழுமியக் கல்வி இருக்க முடியாது.

6

‘உன்னைப் போல் உன் அயலானையும் நேசி’ என்பதுதான் இந்தப் பள்ளியின் தலையாய விழுமியம். அயலான் யார் என்பதில்தான் சிக்கல்.

நம் மாவட்ட எல்லைக்கு வெளியே, திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், வெள்ளாளக் கத்தோலிக்கரையும் நாடார் கத்தோலிக்கரையும் பிரித்துக் கோவிலுக்குள்ளேயே சுவர் இருந்தது. நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்றது அந்த ஊரில்தான். அந்தச் சுவரை 1910இல் இடித்தார்கள், வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. குமரியில் அப்படி ஒரு சுவர் தேவைப்படவில்லை. கடற்கரைப் பங்கு என்றால் முக்குவர் அல்லது பரவர். உள்நாட்டுப் பங்கு என்றால் பெரும்பாலும் நாடார். பங்கின் எல்லை சாதியின் எல்லை, பள்ளியின் எல்லை பங்கின் எல்லை. தேங்காய்த்தோப்பும் ரோடும் சுவரின் வேலையைச் செய்தன. அயலானை நேசிக்கச் சொல்லிக்கொடுத்த பெஞ்சில் அயலான் பிள்ளை உட்கார்ந்ததில்லை. ஆறாம் வகுப்புக்காக உள்நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நான் போன முதல் வாரமே மூக்கைப் பொத்திக்காட்டினார்கள். அதுவும் சிலுவை வைத்த பள்ளிதான்.

1982 மார்ச் 1இல் மண்டைக்காட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் செத்தார்கள். தொடர்ந்த கலவரத்தை ‘இந்து–கிறிஸ்தவர்’ மோதலாக மட்டுமே எழுதிவிட்டார்கள். கரைக்கும் உள்நாட்டுக்கும், முக்குவருக்கும் நாடாருக்கும் இடையே சந்தையிலும் பஸ்ஸிலும் பள்ளியிலும் சேர்ந்துவந்த பகை அதற்குள் கிடந்தது. கல்லெறிந்தவர்களும் எறிபட்டவர்களும் சிறுவயதில் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாடம் ஒப்பித்திருப்பார்களா? பெரும்பாலோர் இல்லை. கலவரத்துக்குப் பின் ‘மதமாற்றத் தொழிற்சாலைகள்’ என்ற வசை இந்தப் பள்ளிகள் மீது விழுந்தது. கடற்கரைப் பள்ளியில் மதம் மாற்ற யார் மிச்சம் இருந்தார்கள்? நானூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள்தானே அங்கே படித்தார்கள்? அந்தப் பள்ளியின் குற்றம் மதம் மாற்றியது அல்ல, சாதியை மாற்றாமல் விட்டது.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது மடங்களுக்குள் ஏற்பட்ட பதற்றம் நினைவிருக்கும். ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ 2002இல் வந்தது. இரண்டும் கத்தோலிக்கக் கல்விக்குள் வளர்ந்த தலித்துகளின் எழுத்து. கேள்வி கேட்கும் இடம் தமக்கு ஒதுக்கப்படாத நிறுவனத்திலிருந்து கேள்வியோடு வெளியே வந்தவர்கள் அவர்கள். கரையிலும் அது நடந்தது. 1989 மே 1இல், நீரைக் காக்கவும் உயிரைக் காக்கவும் கோரி மீனவர்கள் நடத்திய நெடும்பயணம் கன்னியாகுமரியில் முடிந்தபோது போலீஸ் சுட்டது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலுக்குப் பின் அரசு ஓர் எண்ணிக்கை சொன்னது. கரை மக்கள் பங்கு பங்காக உட்கார்ந்து, காணாமல் போனவர் பெயர், படகு, புறப்பட்ட நாள் என்று தாங்களே பட்டியல் எழுதி அந்த எண்ணிக்கையை எதிர்த்தார்கள். பதிவேடு வாசிக்கிறவர் இப்போது மறுபக்கம் நின்றார். அந்தப் பட்டியலை எழுதிய கைகளுக்கு எழுத்து கொடுத்ததும் இதே பள்ளிகள்தாம். எழுத்தைக் கற்றவர் அதை என்ன செய்வார் என்பது கற்பித்தவர் கையில் முழுதாக இல்லை.

7

இன்றைய நிலைக்கு வருவோம். அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசு தருவது, அதாவது மக்கள் வரிப்பணம். 2022 செப்டம்பரில் அரசுத் துவக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. சோறும் நம் பணம், சம்பளமும் நம் பணம். நியமனமும் நிலப்பத்திரமும் மட்டும் நிர்வாகத்துடையவை.

அரசமைப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையைச் சிறுபான்மையினருக்குக் கொடுக்கிறது. கேரளக் கல்வி மசோதா பற்றி 1958இல் உச்சநீதிமன்றம் சொன்ன கருத்து தொடங்கி இந்த உரிமை உறுதிப்பட்டு வந்திருக்கிறது. இந்துத்துவம் வளர்ந்திருக்கும் இன்று அந்த உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ‘சிறுபான்மையினர்’ என்றால் யார்? மீன் விற்கிற தாயா, தாளாளரா? 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்றது. 2012 திருத்தம் சிறுபான்மைப் பள்ளிகளில் அந்தக் குழு ஆலோசனை மட்டும் சொல்லலாம் என்றது. 2014இல் பிரமதி வழக்குத் தீர்ப்பு, சட்டமே இப்பள்ளிகளுக்குப் பொருந்தாது என்றது. 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அத்தீர்ப்பு சரிதானா என்று ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பார்வைக்காகத் தலைமை நீதிபதிக்கு அனுப்பினார்கள். இந்தப் போக்கில் சிறுபான்மையினரின் உரிமை என்பது சிறுபான்மைப் பெற்றோரைக் குழுவிலிருந்து வெளியேற்றும் உரிமையாகவும் ஆகிவிட்டதை நம் தோழர்கள் போதுமான அளவு பேசவில்லை.

இன்னொரு பக்கம், பல இடங்களில் ஒரே வளாகத்தில் இரண்டு பள்ளிகள் நிற்கின்றன. ஒன்று கட்டணமில்லாத தமிழ்வழி உதவிபெறும் பள்ளி. மற்றது கட்டணம் வாங்கும் ஆங்கிலவழிப் பள்ளி. முதலாவதில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், ஆசிரியர் இடங்கள் உபரியாகின்றன. ஒரே மணி, ஒரே செபம், இரண்டு விதமான சீருடை. ‘ஏழைகளுக்கு முன்னுரிமை’ என்ற விழுமியத்தைப் பிள்ளைகள் அந்த வளாகத்துக்குள் நடந்தபடியே கற்றுக்கொள்கிறார்கள், புத்தகம் வேண்டாம்.

செய்யக்கூடியவை சில உண்டு. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும் பெற்றோர் குழு அமைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. பங்குக் கூட்டத்தில் திருநாள் கணக்கு வாசிப்பதுபோலப் பள்ளிக் கணக்கையும் வாசிக்கச் சொல்லலாம். நியமனம் எப்படி நடந்தது என்று கேட்கலாம். மதப் போதனைக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 28ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு சொல்வதை எல்லாப் பெற்றோருக்கும் தெரியப்படுத்தலாம். கத்தோலிக்கப் பிள்ளைக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நீதிபோதனை என்று விழுமிய வகுப்பிலேயே பிள்ளைகளைப் பிரிக்கிற வழக்கத்தை மாற்றி, வாரத்தில் ஒரு மணி நேரமாவது எல்லாரையும் சேர்த்து உட்காரவைத்து இந்தக் கரையின் வரலாற்றைச் சொல்லிக்கொடுக்கலாம். அதில் நாலாயிரம் பணமும் வரட்டும், உடைக்கப்பட்ட தெய்வங்களும் வரட்டும், குத்தகையும் மண்டைக்காடும் ஒக்கியும் வரட்டும்.

இதையெல்லாம் கேட்டால் ‘திருச்சபைக்கு எதிரி’ என்பார்கள், ‘ஆர்.எஸ்.எஸ்.காரனுக்குத் துணைபோகிறாய்’ என்பார்கள். கணக்கு கேட்பவன் எதிரி அல்ல, பங்காளி. பள்ளியைத் தன்னுடையது என்று நினைப்பவனுக்குத்தான் கணக்கு கேட்கத் தோன்றும். நன்றியை மட்டுமே கற்றவன் கேட்க மாட்டான். அவன் பள்ளியை வெளியிலிருந்து யாராவது பூட்ட வந்தால் காக்கவும் வரமாட்டான், அது தன்னுடையது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை என்பதால். மாணவர் குறைந்து மூடும் நிலைக்கு வரும் ஒவ்வொரு கடற்கரைப் பள்ளியின் வாசலிலும் முதலில் தீர்க்க வேண்டிய விஷயம் இதுதான்.